மறந்துபோன குளத்து மண்

ஐயா, அம்மையீர், வணக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை, அடி அண்ணாமலைத் தேநீர்க் கடையில் அடியேன் செவியுற்ற பேச்சு இது. பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்யும் பெண்ணொருத்தி, தன் தந்தையுடன் மலையை வலம்வந்தவாறே வழியிலுள்ள குளக்கரைகளில் மண் சேகரித்து வந்தாள். கடையில் அமர்ந்து பொட்டலங்களைச் சரிபார்த்தவள் திடுக்கிட்டாள்.

“நாயினா, பின்னால விட்ட குளத்துல மண்ணு எடுக்க மறந்துட்டேன். அரை மைல்தான், ஓடிப் போயிட்டு வந்துடறேன்.”

“மலை சுத்தும்போது திரும்பி நடக்கக் கூடாதும்மா. இங்க இருக்கற மண்ணையே அள்ளி, அந்தக் குளத்து மண்ணுனு எழுதிக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“அச்சுல வரப்போற மொதக் கட்டுரை நாயினா. நாளைக்கு எல்லா மண்ணும் புரொபசர்கிட்ட போகலைன்னா என் பேரைப் போடமாட்டாரு.”

“அதுக்குத்தான் சொல்றேன், எழுதிடு.”

“திரும்பி நடக்க உங்களுக்கு மனசு வரலை. எடுக்காததை எடுத்தேன்னு எழுத எனக்கு மட்டும் எப்படி வரும்?”

 தந்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்போ முன்னால நட. முழுசா சுத்தி அந்தக் குளத்துக்கே வருவோம்.”

“இன்னும் ரெண்டு குளத்தை மறந்தீங்கன்னா மோட்சமே நிச்சயம்ங்க,” என்றார் கடைக்காரர்.

இருவரும் வெயிலில் முன்னோக்கி நடந்தனர். அக்கட்டுரை அச்சேறியிருப்பினும், அவர்களது இரண்டாம் சுற்று அதில் இடம்பெற்றிராது. ஆதலின் இக்குறிப்பைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.