பேராசிரியர் ஐரினின் ஆய்வகத்தைப் பூட்டாதீர்கள்

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஆட்சிக்குழுவினரே, பேகம்பூரிலிருந்தும் தொப்பம்பட்டியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

உயிர்வேதியியல் துறைத் தலைவர் முனைவர் ஐரின் ஸ்தனிஸ்லாஸ் மாரடைப்பால் மறைந்துவிட்டார். அவருக்கு முன் அத்துறையை நடத்தியவள் என்பதால் என்னைப் பேச அழைத்தீர்கள். புகழுரைகள் போதிய அளவு வந்துவிட்டன. நான் வேறு பேசுகிறேன்.

ஐரின் என்ன செய்தார்? கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸை, நோய் தோன்றுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. உணரியை உருவாக்கினார். தங்கம் பூசிய சிறு தகடு. அதன்மேல் ஒற்றை டி.என்.ஏ. இழை. வைரஸின் இழை வந்து அதனோடு இணைந்தால் மின்னோட்டம் மாறும். சொல்வதற்கு எவ்வளவு எளிது! ஊரை ஏற்கச் செய்வது எவ்வளவு கடினம்!

பெண்களைச் சோதனைக்கு அழைத்த முகாமின் பேனரில் ‘வைரஸ்’ என்று எழுதியதற்காக இதே ஆட்சிக்குழு அவரை விசாரித்தது. வைரஸ் என்றாலே எய்ட்ஸ் என்று ஊர் நினைத்த காலம். ‘மகளிர் நலம்’ என்று மாற்றச் சொன்னீர்கள். அவர் மாற்றவில்லை. பேகம்பூர் ஜெய்தூன் பீவி நேராகவே கேட்டார்:

“டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு லாரிக்குப் போறவரு. இதுல பேரு குடுத்தா ஊரு என்ன பேசும்?”

“இது வேற வைரஸ், அக்கா. நீங்க பேரு குடுக்காட்டியும் ஊரு பேசும். அம்புட்டு வேலையத்துக் கெடக்கு!”

ஜெய்தூன் பீவி சிரித்தார். தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

தொப்பம்பட்டி மாயம்மாளிடம் உணரி வைரஸைக் கண்டது. மருத்துவமனைக்கு அழைத்தபோது, “ஏனுங்க மேடம், வலியே இல்லீங்களே. வலி வந்தா வாரனுங்க” என்றார்.

“வலி வந்தப்புறம் நீங்க வர வேணாம். நானே மாலையோட வாரேன்” என்றார் ஐரின்.

மாயம்மாள் அன்றே பேருந்தேறினார். அங்கே சோதித்து உறுதிசெய்தார்கள்; புற்றாக மாறவிருந்த திசு அகற்றப்பட்டது. இதோ, முன்வரிசையில் இருக்கிறார்! தங்கள் பெயரைச் சொல்லியே பேசுங்கள் என்று இவரும் ஜெய்தூன் பீவியும் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

சற்றுமுன் முதல்வர் அறிவித்தாரே, ஐரினின் ஆய்வகம் அவர் பெயரால் நினைவுக் கூடமாகும் என்று! கருவிகளை அகற்றிவிட்டு ஆளுயரப் படமாம்! இதுவா அஞ்சலி? பெண்கள் நம்பிக் கொடுத்த சோதனை மாதிரிகள் அங்கே குளிர்சாதனப் பெட்டியில் காத்திருக்கின்றன. உணரியின் முடிவுகளை மருத்துவமனைச் சோதனையோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை மருத்துவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். முடிக்கும் நேரத்தில் மூடுவதா? அம்மாதிரிகளில் எவருடையதில் வைரஸ் இருக்கிறது? அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? படத்தைப் பார்த்துவிட்டுப் போ என்றா?

ஐரினின் மாணவி ஷைனி ஆய்வைத் தொடர்வார். நான் உடனிருப்பேன். திங்கட்கிழமை காலை ஆய்வகம் திறந்திருக்கும். படம் மாட்ட வருகிறவர்கள் ஏணியோடு ஓரமாக நிற்கட்டும். மாதிரி கொடுக்க வரும் பெண்களுக்கு வழி வேண்டும்.