மேல் வரிசையின் நடுப் பலகம்

வண்ணக் கண்ணாடி செய்கிறேன் என்று சொன்னால், குளியலறை ஜன்னலுக்குப் போட்டால் வெளியே தெரியாதல்லவா என்றுதான் முதலில் கேட்பார்கள். தெரியாது. இருபத்தாறு வருடங்களில் நான் அதிகம் செய்தவை அவைதான். அப்புறம் சில ஹோட்டல் கதவுகள். ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு மூன்று மீன்கள்.

என் வெட்டில் பிசிறு இருக்காது. தொழிலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

தங்கை கணக்கு டீச்சராக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நான்தான் பட்டறைக்குக் கூப்பிட்டேன். கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையை மடிப்பு விழாமல் வளைக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. நான் குப்பையில் போடும் துண்டுகளைப் பொறுக்கி எதையாவது சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

நகர நூலகத்தின் மாடிப்படி ஜன்னலுக்குப் போட்டி அறிவித்தார்கள். ஒன்பது மாதம் வரைந்தேன். அவள் ஒரே வாரத்தில் எதையோ கிறுக்கி, விளையாட்டாக அனுப்பிவைத்தாள். நூலகத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்களோடதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அவங்களோடத பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

குறையில்லாததுதான் குறை என்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அன்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இவ்ளோ பெருசா எனக்குச் செய்யத் தெரியாது. வெட்டுறது, மாட்டுறது எல்லாம் நீதான் செஞ்சு தரணும்."

செய்து கொடுத்தேன். மூலையில் அவள் பெயரைப் பொறித்த சின்னத் துண்டைக்கூட நான்தான் வெட்டினேன். அதிலும் பிசிறில்லை.

ஜன்னலில் மொத்தம் பதினான்கு கண்ணாடிப் பலகங்கள். ஒவ்வொன்றையும் செம்புக் கம்பியால் இரும்புச் சட்டத்தோடு கட்டி, முடிச்சைப் பற்றவைக்க வேண்டும். பதின்மூன்றுக்கு அப்படித்தான் செய்தேன். மேல் வரிசையின் நடுப் பலகத்துக்கு மட்டும் கம்பியைப் பேருக்குச் சுற்றி விட்டேன். அதைத் தாங்கியது ஒரு மர ஆப்பு.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை. நான் சாரத்தின் மேல் நின்றேன். கீழே அவள் முகத்தில் நீலம் விழுந்திருந்தது.

"இங்கயா நிக்கணும்? கண்ணு கூசுதுக்கா."

"அங்கயே நில்லு. நிமிந்து பாரு."

நிமிர்ந்து சிரித்தாள். ஆப்பை உருவினேன்.

சாயங்காலம் வரை உயிர் இருந்தது. "அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று நர்ஸிடம் கேட்டாளாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி, இன்ஸ்பெக்டர். கொலை என்ற சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். நான் விழச் செய்தது கண்ணாடியை. அதற்கு முந்தின நாளே மேலிருந்து நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, அவள் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டதும் நான்தான். ஆனால் அது, அங்கே நின்றால் நிறங்கள் நன்றாகத் தெரியும் என்பதற்காக.