பீரோவில் இருந்த ஒரிஜினல்

"ஒரிஜினல் எங்க வீட்டு பீரோவுல, புடவைக்கு அடியில இருந்துச்சு. இப்பத்தான் எடுத்தாறேன்" என்றாள் அந்தப் பெண். பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறி என் எதிரில் உட்கார்ந்தவர்கள். அவள் கழுத்திலும் கூட வந்தவன் கழுத்திலும் ஒரே ஆபீஸ் அட்டை.

"வீட்ல எதுக்குக்கா?"

"மெஷின் வித்த கம்பெனி ஆள் ரிப்பேருக்கு வந்தா மட்டும் இதை மாட்டணும். வெளிக் கம்பெனி ஐட்டம் பார்த்தா கை வைக்காம போயிடுவான்."

ஆபீஸுக்கு இன்டர்நெட் வருகிற ஃபைபர் லைன் முனையில் சொருகுகிற, விரல் நீளத் துண்டு அது. ஆபீஸ் முழுக்க மலிவான வெளிச் சரக்கைப் போடச் சொன்னவள் இவள்தானாம். காலையிலிருந்து லைன் இல்லை.

"அவன் நமக்கு முன்னாடி போயிட்டான்னா?"

"என் வேலை போச்சு, பிரகாஷு."

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன். ஆனாலும் என் ஆறு லாரிக்கு எந்த ஸ்பேர் போடுவது என்று நானே முடிவு செய்து முன்னுக்கு வந்தவன். சொல்ல நிறைய இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

பிரகாஷின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தான்.

"வந்துட்டானாம். திறந்து பார்த்துட்டானாம்க்கா."

அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். "என்னன்னான்?"

"சும்னே, சும்மாத்தான் பார்த்தானாம். அவன் பையிலருந்து ஒண்ணு எடுத்து மாட்டினானாம், லைன் வந்துடுச்சாம்."

"ஒரிஜினலா?"

"எங்க? நாம வாங்குற அதே வெளிக் கம்பெனியாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னானாம்."

அவள் ஒரிஜினலைப் பையின் அடியில் தள்ளினாள்.

"அவருக்கு நல்ல காபியா வாங்கிக் குடுக்கச் சொல்லு. இனிமே ரிப்பேருக்கு அவரையே அனுப்பச் சொல்லிக் கேட்போம்."