வெஸ்ட் வின்ட்சரின் மான் சட்டம்

எனக்கு நாய்கள் என்றால் உயிர். வெஸ்ட் வின்ட்சரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஊர் நாய்களுக்கு ஊசி போட்டு, பல் சுத்தம் செய்து, பிரசவமும் பார்க்கும் மிருக வைத்தியர் நான். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக் ஆன்டி. ஆங்கிலம் தெரிந்திருந்தும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன் என்று, விசாரிக்க வந்த உங்களுக்கு எரிச்சல். இங்கிலாந்துக்கு நார்மன்கள் வந்த பிறகு ஹாம்ப்ஷையர்க் குடியானவன் தன் எசமானர்களின் பிரெஞ்சைக் கேட்டுத் திருதிருவென விழித்தான். நான் விழிக்கப் போவதில்லை.

ஹாம்ப்ஷையர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறீர்கள். இங்கே அமெரிக்கா வருவதற்கு முன் இங்கிலாந்தின் அந்த மாவட்டத்தில் வேலை செய்தேன். ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், அங்கே ஒரு பெரும் நிலத்தை அரசனின் காடு என்று அறிவித்தான். நேற்றுவரை உழுதவன் மறுநாள் அத்துமீறியவன் ஆனான். விறகு வெட்டக் கூடாது. மான் மேய்கிறதென்று வேலி போடக் கூடாது. மானைக் கொன்றவனின் கண்ணைப் பிடுங்கினார்கள். பின்னால் வந்த அரசர்கள் நாய்களுக்கும் சட்டம் வைத்தார்கள். மானைத் துரத்த முடியாதபடி முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டி எடுக்க வேண்டும். அங்கே ஒரு மண்டபத்தில் குதிரையேறுபவன் கால் வைக்கும் பெரிய இரும்பு வளையம், அங்கவடி, ஒன்று தொங்குகிறது. அதற்குள் நுழைந்துவிடுகிற சின்ன நாய்களை விட்டுவிடுவார்களாம். அதைப் பார்க்கப் போனபோது கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா நாயையும் கொன்றிருக்கலாம், கொல்லவில்லையே. அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தோற்றவர்களின் வலி எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இலங்கையில், வன்னியில் எங்கள் வயலிலும் அதிகாரிகள் எல்லைக்கல் நட்டு, காடு என்று அறிவித்தார்கள். அப்பா அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகிற பக்கம் எப்படியிருக்கும் என்று பார்த்தாயிற்று. மற்றப் பக்கத்தையும் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

என் பின்முற்றத்தில் ஒரு பெண்மான் குட்டி போட்டது. பக்கத்து வீட்டுத் தியாகராஜா அங்கிளின் புரூனோ அந்தக் குட்டியைக் குதறிப்போட்டது. நாயைக் கட்டி வையுங்கள் என்று சொல்லப் போனேன்.

"நாய் எண்டா துரத்தும்தானே, பிள்ளை. இதுக்குப் போய் ஏன் டென்ஷன் ஆகிறீர்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் புரூனோவைப் பல் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு முன்னங்கால் இரண்டிலும் மும்மூன்று நகங்களை, மீண்டும் முளைக்காதபடி, விரல் எலும்போடு எடுத்தேன். தையல் அவ்வளவு நேர்த்தி. வலி மருந்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"விரல்ல கட்டி மாதிரி இருந்தது, அங்கிள். பரவ முதல் எடுத்திட்டன்."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீர் இல்லாட்டி என்ர பிள்ளை செத்திருக்கும்" என்றார். மறுநாள் அவர் மனைவி பத்மராணி ஆன்டி ஒரு டப்பா நிறைய இடியப்பமும் சொதியும் கொடுத்துவிட்டார். நன்றாக இருந்தது.

புரூனோவைப் பற்றி மட்டும்தான் கேட்கிறீர்கள். அதன் பிறகு வந்தவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள்? கிளினிக்கில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அதற்குள் நுழைந்த நாயை நான் தொட்டதில்லை. நுழையாததை ஒன்றுகூட விட்டதில்லை. யாருடைய நாய் என்று பார்த்ததும் இல்லை. என் சொந்தத் தங்கை துவாரகாவின் நாயும் நொண்டிக்கொண்டுதான் போகிறது. இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று தமிழ்ப் பள்ளி வாசலில் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது போய்ப் பாருங்கள். புல்வெளிகளில் மான்கள் படுத்துக் கிடக்கின்றன. ஒரு நாயும் துரத்துவதில்லை. ஒரு வீட்டைக் கொளுத்தாமல், ஒரு குடும்பத்தைத் துரத்தாமல் ஓர் ஊரையே மாற்றியிருக்கிறேன். வில்லியத்தால் முடிந்ததா? புரூனோ என்னைக் கண்டால் தரையோடு ஒட்டிப் படுத்து, நின்ற இடத்திலேயே சிறுநீர் விடுகிறது. பயம் என்கிறார் அங்கிள். அது மரியாதை. நாய்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

வருத்தம் தெரிவித்தால் லைசென்ஸோடு போய்விடும், சிறை இருக்காது என்கிறார் என் வக்கீல். தெரிவிக்க மாட்டேன்.

கராஜில் உள்ள ஃப்ரீசரைத் திறந்து பார்த்தீர்களாம். ஆமாம், மான் இறைச்சிதான். ஏன் இப்படி முகத்தைச் சுளிக்கிறீர்கள்? வில்லியம் அந்தக் காட்டை எதற்காகக் காத்தான் என்று நினைத்தீர்கள்? தான் வேட்டையாடத்தான். மேல்தட்டில் இருப்பது குட்டியைப் பறிகொடுத்த அந்தத் தாய். என் உள்ளங்கையிலிருந்து ஆப்பிள் தின்னும் அளவுக்குப் பழகியிருந்தது. தின்றுகொண்டிருக்கும்போதே கத்தியை இறக்கினேன். என்னுடைய மான். நான் யாரிடம் கேட்க வேண்டும்?