நாளை நான்காவது முத்திரை

தூக்கம் வந்தாலும் நிமிர்ந்தே தலைமை தாங்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! மருந்தோடு மனத்தெம்பும் ஊட்டும் செவிலியர் அக்காமார்களே! பிள்ளை ஒரு வாய் உண்ணாதா என்று தட்டின் முன்னே தவம் கிடந்த தாய்மார்களே! இவள் சீக்கிரம் முடித்துவிடுவாள் என்று நம்பிக் கடைசி வரிசையில் கால்களால் செருப்பைத் தேடும் பெரியோர்களே! பதிவேட்டு அறையின் பணிவான வணக்கம்.

நன்றியுரைக்கு எனக்கு இரண்டு நிமிடம். "அந்தப் பொண்ணு அதிகம் பேசாது, சட்டுனு முடிச்சிடும்" என்று கண்காணிப்பாளர் அம்மா சொன்னது சன்னல் வழியே காதில் விழுந்தது. உண்மைதான் அம்மா. ஆனால் பேசாதவள் நிறையப் படிப்பாள், அதை மறந்துவிட்டீர்கள்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். உணவைக் கண்டு அஞ்சவைக்கும் மனநோய்க்கான நம் பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பூரண குணம்! கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். கணக்குப் போட்டவளே நான்தானே!

எப்படிப் போட்டேன்? வீட்டுக்கு அனுப்பும் நாளில் எடை ஏறியிருந்தால் அட்டையில் சிவப்பு முத்திரை: குணம். அதற்கப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. நோய் திரும்பி அவரே திரும்பி வந்தால் புது எண், புது அட்டை, புது ஆள்!

அப்படி அட்டைகளை எண்ணும்போது ஓர் அட்டையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண். என் அக்காவின் அட்டை. அவள் தையல்காரி, அவள் மிதித்த இயந்திரத்தில்தான் எங்கள் வீட்டின் முதல் கல்லூரிப் பட்டம், என் பட்டம், தைக்கப்பட்டது. அட்டைக் கட்டைப் புரட்டினேன், அவளுக்கே இன்னோர் அட்டை. மேலும் புரட்டினேன், மூன்றாவது. மூன்றிலும் சிவப்பு. அக்கா இங்கே இதற்கு முன் மூன்று முறை படுத்தது எனக்குத் தெரியும்; மூன்று பேராகப் படுத்தது தெரியாது!

எங்கள் அம்மா பெற்றது இரண்டு பெண்கள். இந்தக் கணக்கில் நான்கு. அம்மாவிடம் சொன்னேன். "மத்த ரெண்டு பேரும் எங்கடி? வந்து பாத்திரமாவது கழுவட்டும்" என்றாள்.

சிரியுங்கள், அக்காவும் சிரித்தாள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். தயவுசெய்து திரும்பாதீர்கள், கூச்சம் எங்கள் குடும்பச் சொத்து.

சிரித்து முடித்தபின் அவள் சொன்னாள்: "வீட்டுக்குப் போன மூணாவது மாசந்தான்டி ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்குது. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இங்கிருந்து போனே வரலையா?"

"வந்துச்சே. கட்டில் வசதியா இருந்துச்சான்னு கேட்டாங்க."

கட்டிலைக் கேட்டோம், கிடந்தவளைக் கேட்டோமா? எடை ஏறினால் அச்சம் இறங்கிவிடுமா? எந்தச் சிகிச்சை யாரைத் தாங்கியது, யாரைத் தவறவிட்டது? நோய் திரும்பும் முன் என்ன சாடை காட்டுகிறது? தெரியாது. தெரியாதது தவறில்லை, தெரியாததைத் தெரிந்ததாகத் துணியில் எழுதித் தொங்கவிட்டோமே, அது தவறு. அதில் என் விரலுக்கும் பங்குண்டு.

வீடு திரும்பியவர்களை இரண்டாண்டு தொடர்ந்து கேட்டு ஆராய வேண்டுமென்று மனநல மருத்துவர் அம்மா ஒரு கோப்பு தந்தார். ஏழு மாதமாக அது தலைமை மருத்துவர் ஐயாவின் மேசையில் உழைக்கிறது. ஆம், உழைக்கிறது! அதன் அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டங்கள் ஒன்பது, துடைக்கும்போது எண்ணினேன்.

நாளை காலை என் அக்கா நான்காம் முறையாக வீடு திரும்புகிறாள். முத்திரை குத்த வேண்டியவள் நான். குத்துவேனா? அந்தக் கோப்பு நகராமல் குத்தமாட்டேன். கண்காணிப்பாளர் அம்மா, முறைக்காதீர்கள், இதோ நன்றியுரைக்கு வந்துவிட்டேன்.

முதல் நன்றி, இன்று அந்தக் கோப்பில் கையெழுத்திடப் போகும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களுக்கு. நன்றியை முன்கூட்டியே சொல்லிவிட்டேன் ஐயா, திருப்பி வாங்க முடியாது. கோப்பு உங்கள் நினைவுப் பரிசுக்கு அடியில் இருக்கிறது. பேனாவும் அங்கேயே.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. செருப்பை மாட்டிக்கொள்ளலாம் பெரியோர்களே!

அக்கா, மூன்றாம் மாதம் போன் வரும். கட்டிலைப் பற்றி இல்லை. எடுத்துப் பேசு.

வணக்கம்.