ஒரு காதுக்கு மூன்று லென்ஸ்

காசை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் சார். முகத்தில் விரல் படவே கூடாது. உங்கள் கான்ஸ்டபிள் வந்ததும் வராததுமாக, கட்டைவிரலை அதில் இருக்கிற தலையின் மூக்கின் மேலேயே வைத்து அமுக்கிப் பைக்குள் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து அறையில் அழுகைச் சத்தம். அந்த நேரத்தில் காசைப் பற்றிப் பேசினால் ஈவிரக்கம் இல்லாதவன் என்பார்கள். ஆனால் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும் என்று யாராவது அவருக்குச் சொல்லிவைத்தால் நல்லது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் நாணயச் சங்கத்தில் ஒருவன் இருக்கிறான். நாங்கள் வைத்த பெயர் தலைகீழ். எந்த லென்சைக் கொடுத்தாலும் அதைத் திருப்பி, பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி கேமராவில் மாட்டிவிடுவான். அப்படி மாட்டினால் பொடி விஷயங்கள் பெரிதாகத் தெரியும், வாஸ்தவம்தான். அதற்காக அதை அவனே கண்டுபிடித்த மாதிரி அலட்டிக்கொள்ள வேண்டுமா? போன கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டான். "உன் மைக்ராஸ்கோப் லென்ஸ் சும்மா பந்தா. பழைய ஸ்டுடியோவுல போட்டோவைப் பெரிசு பண்ற மிஷின்ல இருந்து ஒண்ணு கழட்டி வச்சிருக்கேன். அது பக்கத்துல உன்னோடது நிக்கவே நிக்காது" என்றான். இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு லென்சுக்கும் கண்ணாடி டம்ளருக்கும் வித்தியாசம் தெரியாது. சிரிக்க மட்டும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் கோபக்காரன் இல்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, வைத்துப் பார்த்துவிடுவோம் என்று அவனுடைய லென்சை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். பொடிப் பொருள்களை எடுக்கக் கடையில் கிடைக்கிற சாதாரண மேக்ரோ லென்ஸ் ஒன்று, அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஒரே காசு, ஒரே விளக்கு, ஒரே இடம். அந்தக் காசில் ஒரு தலை இருக்கிறது. காது மடிப்புகளில் நுணுக்கமான வேலை அதிகம் என்பதால் அந்தத் தலையின் காதைத் தேர்ந்தெடுத்தேன். நியாயம் என்றால் எனக்கு நியாயம்தான் சார். என் லென்ஸ் தோற்றிருந்தால் நானே முதல் ஆளாக ஒத்துக்கொண்டிருப்பேன்.

அவ்வளவு பெரிதாக்கினால் காசு காசாக இருக்காது, மேடும் பள்ளமுமாக ஒரு மலைக்காடு ஆகிவிடும். மேடு தெளிவாகத் தெரிந்தால் பள்ளம் மங்கிவிடும். அதனால் கேமராவை மயிரிழை மயிரிழையாக இறக்கி, படம் படமாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நடுவில் ஒரு படம் ஆடினாலும் அத்தனையும் குப்பை. தெருவில் லாரி போனால் ஆடும். நீங்கள் தும்மினால் ஆடும். மேசைமேல் கல் பலகை போட்டேன், அதன் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன். கேமரா ஸ்டாண்டின் நட்டை இறுக்கச் சரியான அளவில் ஒரு ஸ்பேனர் வீட்டிலேயே கிடைத்தது. அப்படியும் படம் ஆடியது. ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. தரையில் கையை வைத்துப் பார்த்ததில் நடுக்கம் பக்கத்து அறையிலிருந்து வருவது தெரிந்தது.

பக்கத்து அறையில்தான் மாமனார்.

நுரையீரல் போய்விட்ட மனிதர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்கில் விடுகிற மிஷின் ஒன்று அவர் கட்டிலடியில் இரவு பகலாக டொக்கு டொக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் திரும்பி வரும் வரைக்கும் அவரைப் பார்த்துக்கொள்வது நான்தான். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுவார். செல்லாத காசுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேலி செய்வார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் தடவை அவரிடம் கேட்டுத்தான் நிறுத்தினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். "கொஞ்ச நேரந்தானே மாப்பிள்ளை, நான் சமாளிச்சுக்கறேன்" என்று அவரே சொன்னார். படம் ஆடாமல் வந்தது. திரும்பப் போட்டபோது உதடு கொஞ்சம் ஊதாவாக இருந்தது. வெள்ளிக் காசில் அந்த நிறம் ஏறினால் அதற்குத் தனி மவுசு என்று சொன்னேன். அந்த மூச்சு வாங்கலிலும் சிரித்தார். படத்தையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை இருந்தது.

இரண்டாம் தடவை கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்புவானேன். ஆனால் அந்த மிஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம். கரண்ட் நின்றால் கீ கீ என்று கத்தும். உள்ளே இருந்த பேட்டரியைக் கழற்றியதும் அடங்கியது. அது வீணாகக் கிடக்க வேண்டாமே என்று ஹால் கடிகாரத்தில் போட்டேன். அன்றிலிருந்து அது சரியான நேரம் காட்டுகிறது.

நேற்று மூன்று லென்சையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அவள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

முதலில் கடை லென்ஸ். பாதி வரும்போது சுவரில் டங் டங்கென்று தட்டுகிற சத்தம். ஏதாவது வேண்டுமென்றால் சில்வர் டம்ளரால் சுவரைத் தட்டுவது அவர் வழக்கம். சுவரும் என் மேசையும் ஒட்டினாற்போல. படம் போச்சு. போய் டம்ளரை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தேன். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்தது தலைகீழின் லென்ஸ். இப்போது இருமல். தொடர்ந்து இருமினால்கூட இடைவெளி பார்த்து எடுக்கலாம், இது எப்போது வரும் என்றே தெரியாத இருமல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்து காத்திருந்து எடுத்தேன். முடிந்ததும் எழுந்து போய் அவரைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்துவிட்டேன் என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிளக்கைக் கையால் காட்டினார். நடுவில் மிஷினைப் போட்டால் தரை அதிர்ந்து காசு நகர்ந்துவிடும். அப்புறம் இது ஒப்பீடே இல்லை.

"இன்னும் ஒரு லென்ஸ்தான் மாமா" என்றேன்.

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கரண்ட் போனால் இருக்கட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் நிற்கும். அதை நான் தொடவே இல்லை. வேண்டுமென்றால் அவர் திறந்துகொண்டிருக்கலாம்.

மூன்றாவது, என் லென்ஸ். என்னத்தைச் சொல்ல சார். ஒரு படம் ஆடவில்லை. காது மடலின் உள்பக்கத்தில் அச்சு செதுக்கியவனின் உளி போன தடம்கூடத் தெரிந்தது. கடை லென்சில் அது வெறும் நிழல், தலைகீழின் லென்சில் ஒரு கறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துத் தலைகீழுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். முகத்தில் ஈயாடியிருக்காது.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் அவள் வந்தாள். நேராக அப்பா அறைக்குள் போனாள். மிஷின் ஓடாததைப் பார்த்து சிலிண்டர் பக்கம் ஓடினாள். ஸ்பேனர் எங்கே, ஸ்பேனர் எங்கே என்று அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். அது என் ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. சிலிண்டரைத் திறக்கிற நட்டும் ஸ்டாண்டின் நட்டும் ஒரே அளவு, என்ன பொருத்தம் பாருங்கள். அவள் பிடுங்க வந்தபோது, மேசையை ஆட்டிடாதே என்று மட்டும் சொன்னேன். அதற்குத்தான் அவள் என்னை அப்படிப் பார்த்தாள். எப்படியும் ஸ்பேனருக்கு அப்போது வேலை இருக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கியது நான். பேட்டரி, டம்ளர், ஸ்பேனர், மூன்றையும் எடுத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ராத்திரி முழுக்க உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு விஷயம் மனசை அரிக்கிறது சார், அதைச் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை. முதல் லென்ஸ் எடுக்கும்போது, டம்ளரை வாங்கிய பிறகும் அவர் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். இரண்டாவதுக்கு இருமினார். என் லென்சின் முறை வந்தபோது மட்டும் சத்தமே இல்லை. அப்படியென்றால் என் லென்சுக்கு மட்டும் சலுகை கிடைத்திருக்கிறது. தலைகீழுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன்.

முதல் இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும். அவளும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார்கள். ஒரே ஒரு மத்தியானம் காசோடு என்னை விடுங்கள் சார், இப்போது வீடு அமைதியாகத்தானே இருக்கும்.