நான் உருவிய குடைக்கம்பி

ஓடுகிறோம். பின்னால் காப்பிச் செடிகள் முறிகிற சத்தம். சடசட. சடசட. காட்டுமாடு. கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனி மாடு. மேல் தோட்டத்துப் பாண்டி அங்கிருந்து கத்துகிறான்.

"அண்ணே, சரிவுல எறங்காதீங்க. மேல ஏறுங்க, மேல."

கார்த்திகை மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஏழே கால். பண்ணைக்காட்டுக்குக் கீழே எங்கள் தோட்டம். நானும் என் மனைவி செல்வியும் பழம் பறிக்க வெள்ளனே போயிருந்தோம். வானம் வெளுத்திருந்தது. "மழையே காணோம், குடை எதுக்குப் புள்ள" என்று கேட்டேன். "கொண்டு போகலேன்னாத்தான் மழைக்குத் தெரிஞ்சுரும்" என்றாள். சிரித்தாள்.

அந்தக் குடையோடுதான் ஓடுகிறாள். மடக்கிய நீளக் குடை. நுனியில் இரும்புக் கம்பி. கல்லில் கால் தட்டுகிறது. விழுகிறாள். பிடி மண்ணில் ஊன்றிக்கொண்டது. நுனி இடது புருவத்துக்குக் கீழே ஏறி நின்றது. மாடு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செல்விக்கு நினைவு இருந்தது. "ஏங்க, எடுத்து விடுங்க" என்றாள். ரத்தம் அதிகம் இல்லை. ஒரு கோடு மாதிரி வழிந்தது.

இதை நான் மறைக்கக் கூடாது. எங்கள் ஊர் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்துவதும் உருவுவதும் என் பொறுப்பு. அப்பாவுக்குப் பிறகு நான். கன்னத்தில் நிற்கும் வேல்கம்பியை உருவுவேன். திருநீறு வைத்து அழுத்துவேன். ஒரு சொட்டு வராது. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்த நம்பிக்கையில்தான் குடையைப் பிடித்தேன்.

பாண்டி மூச்சிரைக்க வந்து நிற்கிறான். "தொடாதீங்கண்ணே. அப்படியே ஜீப்புல ஏத்திருவோம்."

"சும்மா இருலே. எனக்குத் தெரியாத சோலியா?"

முருகா என்றேன். உருவினேன். மடியிலிருந்த திருநீற்றைக் காயத்தில் வைத்து அழுத்தினேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. நிற்கவில்லை.

ஜீப். வத்தலக்குண்டு. அங்கிருந்து ஆம்புலன்ஸ். வளைவுக்கு வளைவு அவள் பேச்சு குறைந்தது. மகள் பேரைச் சொல்லு என்றேன். உதடு மட்டும் அசைந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பதினொன்று இருபது.

பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். குத்தின கம்பியைக் கேட்டார்.

"தோட்டத்துல கெடக்குங்க. நான்தான் உருவுனேன்."

அவர் திட்டவில்லை. கம்பி உள்ளேயே இருந்திருந்தால் அதுவே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் என்றார். ஆட விடாமல் துணியைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவர வேண்டுமாம். மண்டையைத் திறந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே அவர்கள் எடுப்பார்களாம். அப்புறம் கேட்டார். "காயத்துல என்ன வச்சீங்க?"

"திருநீறுங்க."

நாலு மணி நேரம் ஆபரேஷன். இரண்டாம் நாள் வலது கண்ணைத் திறந்தாள். என் விரலைப் பிடித்தாள். பழனி மலைக்கு முட்டி போட்டு ஏறுவதாக வேண்டிக்கொண்டேன். நாலாம் நாள் காய்ச்சல். மூளையில் சீழ் என்றார்கள். மண்ணும் சாம்பலும் உள்ளே போயிருக்கிறது என்றார்கள். மண் குடையோடு போனது. சாம்பலை நான் அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள். புதன்கிழமை. காலை ஆறு பத்து. விட்டு விட்டுக் கேட்ட மெஷின் சத்தம் ஒரே சத்தமாக நீண்டது. ஒரு நர்ஸ் வந்து அதை நிறுத்தினாள்.

முருகனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் உருவச் சொல்லவில்லை. இப்போதும் கும்பிடுகிறேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. கத்தியோ கம்பியோ ஆணியோ, தலையில் ஏறி நின்றால் உருவாதீர்கள். இதற்காகத்தான் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகள் கேட்டாள். "அம்மா எடுக்கச் சொன்னுச்சா, நீங்களா எடுத்தீங்களா?"

சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். பொய் இல்லை. ஆனால் அந்தப் பழியில் ஒரு பங்கு செல்வி மேல் விழும்.

"நானா எடுத்தேன்" என்றேன்.

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அவள் சித்தி வீட்டுக்குப் போனாள். ஒரு வருஷம் ஆகிறது. போன் எடுப்பதில்லை.

அந்த வருஷத்துப் பழம் பறிக்க ஆளில்லை. செடியிலேயே கருகியது. செல்வி போனாள். வயது முப்பத்தெட்டு. மகள் உயிரோடு இருக்கிறாள். அவளையும் சேர்த்து நான் இழந்தது இரண்டு பேர்.